ஜாவா யூட்டிலிட்டி லைப்ரரி: கேள்வி பதில்

காமன்ஸ் லாங், குவாவா போன்ற யூட்டிலிட்டி லைப்ரரிகள் (அடிக்கடி தேவைப்படும் சின்ன வேலைகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்த கோட்) பற்றி ஜாவா எழுதுபவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, ஜாவா 11-இலேயே ஸ்ட்ரிங் வெறுமையா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் வந்துவிட்டதே. இன்னும் எதற்கு காமன்ஸ் லாங்கின் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ்?

நல் (null, மதிப்பே இல்லாதது) வந்தால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். ஜாவாவின் இஸ்பிளாங்க்கை ஸ்ட்ரிங்கின் மேல்தான் கூப்பிட முடியும். அந்த ஸ்ட்ரிங்கே நல் என்றால் நல்பாயின்டர்எக்செப்ஷன் வந்து நிற்கும் (பெயரில் மட்டும்தான் நல்!). ஸ்ட்ரிங்யூட்டில்ஸில் இருக்கும் இஸ்பிளாங்க் ஒரு ஸ்டாட்டிக் மெத்தட், ஸ்ட்ரிங்கை அதற்குள் கொடுத்தால் போதும். நல் கொடுத்தாலும் அமைதியாக ட்ரூ என்று சொல்லிவிடும். அந்த அமைதியிலும் ஆபத்து உண்டு. பெயரை வெறுமையாக விட்டவரும் அந்த ஃபீல்டையே அனுப்பாத கிளையண்ட்டும் ஒன்றாகிவிடுவார்கள். வெளியிலிருந்து டேட்டா வரும் இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட்டில் காமன்ஸ் லாங்கின் பழைய லாங், புதிய லாங்3 இரண்டு ஜாரும் (லைப்ரரி கோப்பு) இருக்கின்றன. பிரச்சினை வருமா?

வராது. 2011-இல் 3.0 வந்தபோது பேக்கேஜ் பெயரையே லாங்3 என்று மாற்றிவிட்டார்கள். இம்போர்ட் செய்யும்போது ஐடிஇ பழையதை நீட்டும், கவனம்.

குவாவாவில் கம்பைல் ஆகிறது, ஓடும்போது நோசச்மெத்தட்எரர் (அப்படி ஒரு மெத்தடே இல்லை என்ற பிழை) வருகிறது சார். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

லாங் செய்ததைக் குவாவா செய்யவில்லை. பேக்கேஜ் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறும். ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் இருந்த டுஸ்ட்ரிங்ஹெல்பர் 18-ஆம் வெர்ஷனில் மோர்ஆப்ஜெக்ட்ஸுக்குப் போனது. பழைய இடத்திலிருந்து 21-இல் நீக்கப்பட்டது. நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரி பழைய இடத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதில், லைப்ரரிகளைக் கொண்டுவந்து ப்ராஜெக்ட்டைக் கட்டித் தரும் மேவன் இன்னொரு வேடிக்கை செய்யும். இரண்டு வெர்ஷன் வந்தால் புதியதை எடுக்காது, டிபென்டென்சி மரத்தில் வேருக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். டிபென்டென்சி ட்ரீ கட்டளையைப் போட்டு, குவாவாவை யார் யார் கூட்டி வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் வெர்ஷன் கிடைத்தால் டிபென்டென்சி மேனேஜ்மென்ட்டில் பூட்டிவிடலாம். கிடைக்கவில்லை என்றால் ஷேட் ப்ளக்இன் வைத்து ஒன்றை வேறு பேக்கேஜுக்கு இடம் மாற்ற வேண்டியதுதான். அழகான வேலை இல்லை, ஆனால் ஓடும்.

மாற்ற முடியாத லிஸ்ட்டுக்கு ஜாவாவிலேயே லிஸ்ட்.ஆஃப் (List.of) இருக்கும்போது குவாவாவின் இம்யூட்டபிள்லிஸ்ட் வேண்டுமா?

ஜாவா 9-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். குவாவாவை மல்டிமேப், பைமேப், டேபிள் ஆகியவற்றுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அவை இன்னும் ஜாவாவில் இல்லை.

எங்கள் டீமுக்கென்று ஒரு காமன் யூட்டில்ஸ் ஜார் எழுதலாம் என்றிருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒன்று இருந்தது. அதற்குள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே ஒரு ஸ்டாட்டிக் சிம்பிள்டேட்ஃபார்மேட், தேதியை எழுத்தாக மாற்ற. சிம்பிள்டேட்ஃபார்மேட் த்ரெட்சேஃப் கிடையாது, ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் பயன்படுத்தினால் குழம்பிவிடும். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒழுங்காக இருக்கும். மாதக் கடைசியில் ஒருவருடைய பில்லில் இன்னொருவர் தேதி! டெஸ்ட்டில் ஒருநாளும் மாட்டவில்லை. ஜாவா 8-இன் டேட்டைம்ஃபார்மேட்டரைப் போட்ட பிறகுதான் நிம்மதி.

எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. ஜிஎஸ்டி எண் சரிபார்ப்பு மாதிரி உங்கள் தொழிலுக்கே உரியவற்றை எழுதுங்கள். ஸ்ட்ரிங்கைத் திருப்புவதற்கெல்லாம் வேண்டாம். அப்புறம், அந்த ஜாருக்குள் ஸ்ப்ரிங் மாதிரி பெரிய ஃப்ரேம்வொர்க்கை இழுத்து வராதீர்கள். பின்னால் அதைப் பயன்படுத்தும் எல்லோர் தலையிலும் விழும்.

இவ்வளவு சின்ன லைப்ரரிகளில் பாதுகாப்புப் பிரச்சினை எப்படி வரும்?

2015-இல் காமன்ஸ் கலெக்ஷன்ஸை வைத்தே பல சர்வர்களுக்குள் நுழைய முடியும் என்று தெரியவந்தது. அதன் இன்வோக்கர்டிரான்ஸ்ஃபார்மர் எந்த மெத்தடையும் ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரை வைத்தே) கூப்பிடும். யார் அனுப்பியது என்று நம்ப முடியாத பைட்டுகளை டிசீரியலைஸ் செய்யும் (மறுபடி ஆப்ஜெக்ட்டாக மாற்றும்) சர்வரில் இந்த ஜார் கிளாஸ்பாத்தில் சும்மா இருந்தாலே போதும், கதவு திறந்த மாதிரிதான். 3.2.2-இலும் 4.1-இலும் அடைத்தார்கள். 2022-இல் காமன்ஸ் டெக்ஸ்டில் வேறு மாதிரி ஓட்டை, அது 1.10.0-இல் சரியானது. உங்கள் பழைய ப்ராஜெக்ட்டின் பாம் கோப்பில் (மேவனின் pom.xml) இந்த இரண்டு பெயரையும் இன்றே தேடிப் பாருங்கள்.