அந்தக் கட்டத்தில் யாருடைய நம்பர்?

கேள்வி: எனக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை சென்னைக்குப் போய்க் கீமோ போட்டுக்கொண்டு வருகிறேன். இரண்டு முடிந்திருக்கிறது. ஊசி நாளன்று மூன்றரை மணிக்கு எழுந்து, இரண்டு வேளைக்கும் சமைத்து, மாமியாருக்கு மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு விடியற்கால ரயிலைப் பிடிப்பேன். கணவர் கடையை விட்டு வர முடியாது. மகன் காலேஜ், மகள் பிளஸ் டூ. தங்கை தாம்பரத்தில்தான் இருக்கிறாள். அவளுக்கும் ஆயிரம் வேலை, அதனால் ஊசித் தேதியை அவளிடம் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் அட்டெண்டர், அதாவது கூட வருகிறவர் நம்பர் கேட்டார்கள், என் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் நல்லவர்கள்தான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ராத்திரி வந்து அடுப்படியில் நிற்கும்போதுதான் கால் துவண்டு போகிறது, தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது. அந்த ஒரு நாளைச் சமாளிக்க ஏதாவது வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம்

பதில்: சமாளிக்க வழி சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த தடவை மூன்று மணிக்கு எழுந்து துவையலும் சேர்த்து அரைத்து வைத்துவிட்டுக் கிளம்புவீர்கள்.

"என் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் எல்லாரும் நல்லவர்கள் என்று போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கட்டம் எதற்கு இருக்கிறது என்று நினைத்தீர்கள்? மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், சிஸ்டர் ஃபைலைப் புரட்டி அந்த நம்பருக்குத்தான் போன் போடுவார். உங்கள் தலைமாட்டில் இருக்கும் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் மணி அடிக்கும். யார் எடுப்பது?

இந்தப் பக்கத்துக்கு இதே கடிதம் எத்தனையோ கையெழுத்தில் வந்துவிட்டது. நோயின் பெயர் மாறும், ஊர் மாறும். "எல்லாரும் நல்லவர்கள்தான்" என்கிற வரி மட்டும் மாறுவதே இல்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாள் கணக்கில் முதலில் ஏற்றுவது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின் சேர்ந்த மருந்தாக இருக்கும். வார்டில் சிவப்பு மருந்து என்பார்கள். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர்கூடச் சிவந்து போகும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். "எரியுது சிஸ்டர்" என்று சொன்ன அந்த நிமிடமே நிறுத்தியாக வேண்டும். ஆனால் வாந்திக்கும் அலர்ஜிக்கும் முன்கூட்டியே போடுகிற மருந்தில் கண் சொருகிக் கிடந்தால் யார் சொல்வது? உங்கள் கையையே பார்த்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பேச்சுத்துணைக்காக இல்லை.

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். இந்த நோயோடு ஒருத்தி தனியாகப் போய் வரக்கூடாது என்று ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்குத் தெரியவில்லை.

கடையை விட்டு வர முடியாதாம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஒரு நாள்கூடச் சாத்தாத கடையை நான் பார்த்ததில்லை. 21 நாளுக்கு ஒரு நாள் ஷட்டரை இறக்கினால் வாடிக்கைக்காரர் யாரும் ஊரை விட்டு ஓடிவிட மாட்டார். ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன்னால் உங்களைக் கேட்கிறேன். "நீங்க கூட வாங்க" என்று வாயைத் திறந்து கேட்டீர்களா? கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், கேட்டதாக ஒரு சொல் இல்லை. கேட்டு அவர் மறுத்திருந்தால் இந்தப் பதிலை அவருக்கு எழுதியிருப்பேன். அவர் சார்பாக நீங்களே மறுத்துவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் வீம்புதான் தெரிகிறது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். படிப்பு கெட்டுவிடும் என்று கிட்டேயே அண்டவிடாமல் வைத்திருக்கிறீர்கள். பெற்றவள் கீமோ போட்டுக்கொண்டு வருகிற ராத்திரியில் ஒரு ரசம் வைக்கத் தெரியாதவன் டிகிரி வாங்கி எந்த வீட்டை நடத்தப் போகிறான்? மகளை அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள், அவளுக்குப் பரீட்சை. மகனுக்குத்தான் சொல்கிறேன். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், குக்கரில் நாலு விசில். குழைந்து போனால் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடட்டும். தாளிக்கிற வேலையை நீங்கள் வருவதற்கு முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். மாமியாரின் மாத்திரையை மகள் முந்தின ராத்திரியே பிரித்து வைத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

தங்கைக்கு வருகிறேன். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்த கதை தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்து, 1954-ல் ஓர் ஆஸ்பத்திரியையே கொண்டுவந்தார். கூடப்பிறந்தவளுக்கு ஒன்றென்றால் அப்படித் துடிக்கும். நீங்கள் தாம்பரம் ஸ்டேஷனைத் தாண்டித்தானே போகிறீர்கள்? ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பின்னால் தெரிய வரும்போது, "அவளுக்கு ஆயிரம் வேலை என்று நினைத்தேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா உங்களால்?

ஒன்று மட்டும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். (சமையலைப் பற்றி இவ்வளவு எழுதியவர் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.) ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளணுக்கள் நன்றாக இறங்கியிருக்கும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுப் படுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்கவே கூடாது. நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் கணவருக்கும் மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலண்டரில் அந்த நாட்களை அவர்களே சிவப்பு மையில் சுழித்து வைக்கட்டும்.

அடுத்த ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கே கணவரையும் கூட்டிப் போங்கள். கவுன்ட்டரில் ஃபைலை வாங்கி உங்கள் நம்பரைக் கோடு போட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். அவர் தன் நம்பரை அவர் கையாலேயே எழுதட்டும். அதற்குக் கீழே தங்கையின் நம்பர். அது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா, இல்லை அதற்கும் போனைத்தான் திறந்து பார்க்க வேண்டுமா?