கேள்வி நேரம்: ஓட்டை விழுந்த மலை

கே: சுண்ணாம்புப் பாறையில் இரட்டைக் குழாய் (போக ஒன்று, வர ஒன்று) ரயில் சுரங்கம் அமைப்பது ஏன் கடினம்? (வாசகர், சேலம்)

ப: மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், சுண்ணாம்புப் பாறையை அரித்து உள்ளே குகைகளை உண்டாக்கிவிடுகிறது. ஜெர்மனியில் 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட வெண்ட்லிங்கன்–உல்ம் பாதையின் ஷ்டைன்பூல் சுரங்கம், ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய மலையைத்தான் கடக்கிறது. சுரங்கம் குடையும் ராட்சத இயந்திரத்தின் முகப்பு எதிர்பாராமல் வெற்றிடத்தில் இறங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. ஆகவே வெடிவைத்துச் சிறிது சிறிதாகக் குடைந்தார்கள். பொதுவாக, முன்னதாகவே நீண்ட துளையிட்டுப் பார்ப்பார்கள். துளைக்கம்பி சட்டென்று தடையின்றி உள்ளே போனால் எதிரே பொந்து இருக்கிறது என்று பொருள். பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பலாம்தான். ஆனால் அதன் வழியே நீரோடினால் முழுதும் அடைக்காமல் குழாய் பதித்து வழிவிட வேண்டும், இல்லாவிடில் தேங்கும் நீரின் அழுத்தம் சுரங்கச் சுவரைத் தாக்கும். சுரங்கத்தின் இரண்டு குழாய்களுக்கும் இதே பாடுதான். ஒன்றில் தப்பிய பொந்து மற்றொன்றில் எதிர்ப்படலாம்.