அப்பாவின் மருந்துக்கு அனுப்பும் வெள்ளி

தம்பி, இங்கே சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் ஞாயிறும் ஓவர்டைம் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். சம்பளம் ஏஜெண்ட் கடனுக்கும் அப்பாவின் மருந்துக்கும் தங்கையின் படிப்புக்கும் போய்விடுகிறது, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை, ஆராதனைக்கும் போகவில்லை, பணத்துக்காகவே வாழ்கிறவனாகிவிட்டேனோ என்று கேட்கிறீர்கள்.

இல்லை, தம்பி. வேதத்தில் எபேசியர் 4:28-ஐ எடுத்துப் பாருங்கள். குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காகவே தன் கைகளால் நலமான வேலை செய்து பிரயாசப்படச் சொல்கிறார் அப்போஸ்தலர் பவுல். அதுவும் யாரிடம்? அதுவரை திருடிக்கொண்டிருந்தவனிடம்! திருட்டை விட்டால் போதும் என்று அவர் நிறுத்தவில்லை. அவரே கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தவர். மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, தமக்கும் தம்மோடிருந்தவர்களுக்கும் வேண்டியதற்காகத் தம் கைகளே உழைத்தன என்று சொன்னார். உங்கள் வெல்டிங் வேலையும் அந்த வரிசையில்தான் வருகிறது.

காணிக்கை பற்றிக் கேட்டீர்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. ஆகவே அப்பாவின் மருந்துக்கு அனுப்பும் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த பணம் ஆகாது. கடன் தீரும்வரை சபைக்கு இயன்றதைக் கொடுங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பெண்கள் உலை வைக்கும்போது ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அவர்களில் பலர் வீட்டில் அரிசிப் பானை நிறைந்திருந்ததே இல்லை.

கொடுப்பதற்கு ஊர்வரை போகவும் வேண்டாம். நான் வந்த புதிதில் டார்மிட்டரியில் காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில் மூத்த வெல்டர் ஒருவர் வேலை முடிந்து வந்த களைப்போடு கஞ்சி வாங்கி வந்து கொடுத்தார். சபைக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நானாகக் கேட்ட பிறகே மேலே சொன்ன வசனத்தைக் காட்டினார்.

எனக்குக் கவலை உங்கள் ஓய்வைப் பற்றித்தான். இங்கே வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓவர்டைம் பொதுவாக மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் சேர வேண்டும். சம்பளச் சீட்டைச் சரிபாருங்கள். தூக்கம் கெட்டு உயரத்தில் நிற்பது பக்தி ஆகாது. அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று 127-ஆம் சங்கீதமே சொல்கிறது. கடன் சீக்கிரம் தீரும் என்று யாராவது வெளியே சில்லறை வேலைக்குக் கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். வேலை பெர்மிட்டில் உள்ள முதலாளியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அப்பாவின் மருந்தும் நின்றுவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஃபோர்மனிடம் முன்கூட்டியே சொல்லி விடுப்புக் கேளுங்கள். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. கத்தோலிக்க நண்பர்கள் இருந்தால், ஓஃபிர் சாலையில் 1888-இல் தமிழர்களுக்காகக் கட்டிய லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. இரண்டும் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடக்கும் தூரம்தான். எந்த ஞாயிறு என்று எழுதுங்கள், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வந்து நிற்கிறேன்.