கிருஷ்ணகிரியில் வளரும் பெண் குழந்தை தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீராங்கனை ஆக முடியுமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு 9 வயது, யூடியூபில் ஐஸ் ஹாக்கி பார்த்துவிட்டு பெரியவளானால் இதுதான் ஆடுவேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஓசூரில் மாலை வேளையில் குழந்தைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லித்தருகிறேன். ஐஸ் ஹாக்கியை வருடக்கணக்காக விடாமல் பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் சம்பளம். பெண்ணுக்கும் பையனுக்கும் பாதை பிரிவது அங்கேதான். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஆண்கள் லீகில் 32 அணிகள். 2025-26 சீசனில் அங்கே ஒரு வீரருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர். பெண்களுக்கான பி.டபிள்யூ.எச்.எல். லீக் 2024 ஜனவரியில்தான் ஆறு அணிகளோடு ஆடத் தொடங்கியது. அந்த முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஆடியவர்களில் பலர் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி பயிற்சிக்கு வந்தவர்கள். அவர்கள் விடாமல் ஆடியதால்தான் இன்று இப்படி ஒரு லீகே இருக்கிறது.

ஹேலி விக்கன்ஹைசர் என்ற பெயரை பாப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2003-இல் பின்லாந்து போய் ஆண்களின் தொழில்முறை அணியில் சேர்ந்து ஆடினார், கோலும் அடித்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். இன்றைக்கும் பெண்கள் லீகில் ஆடும் பெரும்பாலானோர் அமெரிக்கக் கல்லூரி அணிகள் வழியாக வந்தவர்கள்தான். அதனால் விளையாட்டுக்காகப் படிப்பை விடலாமா என்ற யோசனையே உங்களுக்கு வேண்டாம். இந்த ஆட்டத்தில் பெண்களுக்கு மேலே போகும் வழி பெரும்பாலும் கல்லூரி வாசலில்தான் இருக்கிறது.

இனி அந்த வாழ்க்கை. டிவியில் தெரிவது உச்சியில் இருப்பவர்களை மட்டும்தான். கீழே காத்திருப்பவர்கள் அதிகம். கனடாவின் சர்ரேயில் வளர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன் அர்ஷ்தீப் பெயின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வீரர்களை அணிகள் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அப்புறம் 2021-22-இல் மேற்குக் கனடா ஜூனியர் லீகில் 112 புள்ளிகளோடு (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) முதலிடத்துக்கு வந்தார். அந்த சீசனில்தான் என்.எச்.எல்.லின் வான்கூவர் அணி ஒப்பந்தம் போட்டது. அப்போதும் நேராக மேலே அனுப்பவில்லை. ஒரு படி கீழே இருக்கும் ஏ.எச்.எல். லீகில் ஆடவிட்டு, 2024 பிப்ரவரியில்தான் முதல் என்.எச்.எல். ஆட்டம் கொடுத்தார்கள். இந்த நிலையில் இருப்பவருக்கு இன்று ஒரு போன் வந்தால் மேலே, அடுத்த வாரம் இன்னொரு போன் வந்தால் மறுபடி கீழே. திறமையும் வேண்டும், அதோடு மனசும் தளரக்கூடாது. எனக்கு அவரிடம் பிடித்ததே அந்த இரண்டாவதுதான்.

களத்தில் ஒரு முறை இறங்கினால் சுமார் 45 விநாடிதான் ஆடுவார்கள். முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கி, திரும்ப உள்ளே. உடம்பு இதற்கெல்லாம் விலை கொடுக்கும். பாபி ஆர் என்ற மகத்தான வீரர் முழங்கால் காயங்களால் 1978-இல் 30 வயதிலேயே நிறுத்திக்கொண்டார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட் பிளேடு வெட்டி இறந்துபோனார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. என்றைக்கு ஐஸில் கால் வைத்தாலும் கழுத்துக் காப்பு இல்லாமல் பாப்பாவை உள்ளே விடாதீர்கள். பெண்கள் ஆட்டத்தில் ஆண்கள் அளவுக்கு உடலால் மோத விதி அனுமதிப்பதில்லை, அது கொஞ்சம் ஆறுதல்.

இந்தியாவில் இந்த ஆட்டம் ஆடி அந்தச் சம்பளத்தில் வாழ முடியாது. ஆனால் தேசிய பெண்கள் அணி இருக்கிறது, பெரும்பாலும் லடாக் பெண்கள். குளிரில் குளம் உறையும் இரண்டு மூன்று மாதம்தான் அங்கே இயற்கை ஐஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டே 2017-இல் பிலிப்பைன்ஸை வென்று முதல் சர்வதேச வெற்றி பெற்றார்கள், 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, காவேரிப்பட்டணத்தில் என்ன செய்யலாம்? ஐஸைத் தேடி இப்போதே அலைய வேண்டாம். டேராடூனில் பல வருடம் மூடிக்கிடந்த பெரிய உள்ளரங்க ஐஸ் தளத்தை 2025-இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே கூட்டிப் போகத் திட்டமிடலாம். அதுவரை சக்கரம் போதும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் முதலில் காட்டும் இரண்டிரண்டு சக்கரம் வைத்த குவாட் ஷூ வேண்டாம். ஒரே வரிசையில் சக்கரம் இருக்கும் இன்லைன் வாங்குங்கள், ஐஸ் ஸ்கேட்டுக்கு நெருக்கமானது அதுதான். வேகத்தைவிட முக்கியம், பின்னால் ஓடுவதும் இரண்டு பக்கமும் கால் மாற்றித் திரும்புவதும். மாஸ்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள், ரேஸ் மெடலுக்கு மட்டும் ஓட்டிப் பழக்குபவராக இருந்தால் வேறு ஆள் பாருங்கள். இன்லைன் ஹாக்கிக்கு நம் நாட்டில் தேசியப் போட்டியே நடக்கிறது, ஸ்டிக்கைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இப்போதைக்கு இல்லை.

ஒருமுறை ஓசூர் வருவதாக இருந்தால் பாப்பாவின் செருப்பு அளவை முன்கூட்டியே எழுதுங்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் விட்டுப்போன இன்லைன் ஜோடிகள் என்னிடம் இருக்கின்றன, போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் புதிது வாங்கிக்கொள்ளலாம்.