படித்த பிறகு வரும் குற்றவுணர்வு குறித்து

சாதியையும் நிறவெறியையும் பற்றிப் படித்த பிறகு, பணிக்கு வரும் அம்மாவுக்குத் தனிக் குவளை வைத்திருக்கும் உங்கள் வீட்டில் இயல்பாக இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 1959-இல் கேரளத்தின் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், முதலில் அதிர்ந்து, பின்பு தம் மக்களின் நிலையை எண்ணி அதுவே உண்மை என ஏற்றுக்கொண்டதாகப் பின்னாளில் கூறினார். அவர் ஒடுக்கப்பட்டவர், உங்களையும் என்னையும் போன்றோர் சலுகை பெற்ற பக்கத்தில் பிறந்தவர்கள் என்பதால், நம்மிடம் அந்த அதிர்ச்சி பெரும்பாலும் குற்றவுணர்வாகவே தேங்கிவிடுகிறது. தந்தையிடம் வாதிடுவதற்கு முன், நாளை நீங்களே எல்லோருக்குமான குவளையில் அந்த அம்மாவுக்குத் தேநீர் கொடுங்கள். ஆனால், உங்கள் மனம் ஆறுவதற்காக அவரிடம் மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சுமையையும் அவர்மேல் ஏற்றுவது நியாயமில்லை.