மாதம் 992 யூரோ வந்தும் மூன்றாம் வாரத்தில் துண்டு விழுவது ஏன்?

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். வந்து ஏழு மாதம் ஆகிறது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. மூன்று பேர் பகிரும் வீட்டில் என் அறைக்கு எல்லாம் சேர்த்து வாடகை 390, மருத்துவக் காப்பீடு 145, போன் 10. மீதியை நான்காகப் பிரித்து வாரத்துக்கு 110 யூரோ என்று கட்டுப்பாடாகத்தான் செலவு செய்கிறேன். அப்படியும் மூன்றாம் வாரம் தாண்டினால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. போன மாதம் செமஸ்டர் கட்டணம் 330 யூரோ கட்ட நண்பரிடம் கைமாற்று வாங்கினேன். வாரம் 10 மணி நேர வேலை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. அதில் சேரலாமா, இல்லை அப்பாவை மாதாமாதம் கொஞ்சம் அனுப்பச் சொல்லலாமா?

பதில்: வாரம் 110 யூரோவில் சமாளிக்கிறவரை யாரும் ஊதாரி என்று சொல்ல முடியாது. பிழை வகுத்தலில் இருக்கிறது. மாதத்தை நான்கு வாரம் என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 48 வாரம்தான் வரும். மிச்சம் நான்கு வாரத்துக்கும் நீங்கள் சாப்பிடத்தானே வேண்டும்? அந்த வாரங்களுக்கு உங்கள் கணக்கில் பணமே ஒதுக்கப்படவில்லை. அதோடு, மாதாமாதம் வராத பில்கள் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை.

ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வாடகை, காப்பீடு, போன் போக மாதம் 447 யூரோ, ஆண்டுக்கு 5,364. இதில் செமஸ்டர் கட்டணம் இரண்டு முறை, 660. டி.வி., வானொலிக்காக ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, உங்கள் மூன்றில் ஒரு பங்கு ஆண்டுக்கு 73. இரண்டும் கழித்தால் 4,631. இதை 52 ஆல் வகுத்தால் வாரத்துக்கு 89 யூரோதான் வருகிறது. நீங்கள் வாரத்துக்கு 21 யூரோ, ஆண்டுக்கு 1,089 யூரோ இல்லாத பணத்தைச் செலவு செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்த 89 முழுவதையும் தொடக்கூடாது என்பது என் கருத்து. அந்த 4,631இல் 551 யூரோவை எதிர்பாராத செலவுக்கு எடுத்து வையுங்கள். விசா நீட்டிப்புக்கு 93 யூரோ கட்டணம் இருக்கிறது. குளிர்காலக் கோட்டும் காலணியும் வாங்கவேண்டி வரலாம். வாடகையில் சேர்ந்திருக்கும் சூடாக்கும் செலவு, தண்ணீர்ச் செலவு பல ஒப்பந்தங்களில் முன்பணம்தான். ஆண்டு முடிந்தபின் வீட்டுக்காரர் கணக்குப் பார்த்து, அதிகம் ஆகியிருந்தால் மீதியைக் கேட்பார். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதம் வரை அந்தக் கணக்கை அனுப்ப அவருக்கு அவகாசம் உண்டு. எல்லோரும் மறந்துபோன நேரத்தில்தான் அந்தக் கடிதம் வரும். இதெல்லாம் போக நிற்பது 4,080. வாரத்துக்கு 78 யூரோ.

78 என்றதும் மனசு சோர வேண்டாம். 110 யூரோவைக் கணக்கில் வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட, முழுக்க உங்களுடையது என்று தெரிந்த 78 நிம்மதியானது. ஆனால் இதை மனக்கட்டுப்பாட்டை நம்பி விடாதீர்கள். இரண்டாவதாக ஒரு கணக்கு திறவுங்கள், மாதக் கட்டணம் இல்லாததாகப் பார்த்து. இருப்புக்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதி தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். 992 வருவதும், வாடகை, காப்பீடு, போன் போவதும் பழைய கணக்கிலேயே நடக்கட்டும். அங்கிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 78 யூரோ புதுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி ஸ்டேண்டிங் ஆர்டர் போடுங்கள். பையில் இருக்க வேண்டியது புதுக் கணக்கின் கார்டு மட்டும்.

ஏன் வெள்ளி என்றால், வாரத்தின் பெரிய செலவு சனிக்கிழமைச் சாமான். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை விட்டால் ரயில் நிலையத்துக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ அதே பாலையும் ரொட்டியையும் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பணம் வந்த மறுநாள் காலையிலேயே ஆல்டி, லிடில் மாதிரி மலிவு விலைக் கடைக்குப் போய் 35 யூரோவுக்கு வாரச் சாமானை முடித்துவிடுங்கள். திங்கள் அரசு விடுமுறை என்றால் இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்குங்கள். மீதம் 43. வகுப்பு உள்ள நாட்களில் நான்கு நாள் மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சாப்பிட்டால், மாணவர் விலையில் 14 யூரோ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே மாணவர், ஊழியர், வெளியார் என்று மூன்று விலை இருக்கும்; மாணவர் அட்டையைக் காட்டாவிட்டால் வெளியார் விலைதான். சலவை, சோப்பு வகைக்கு 10. மிச்சம் 19 யூரோ உங்கள் இஷ்டம். அதை எங்கே செலவு செய்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வியாழன் இரவு கணக்கில் மீந்ததை அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்த வாரத்துக்கு உதவும்.

ஒரு சின்ன விஷயம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் டெபாசிட் பிடிக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு பாட்டிலைத் திருப்பாமல் குப்பையில் போட்டால் 1.50 யூரோ. ஆண்டுக்கு 78, அதாவது உங்கள் ஒரு வாரப் பணம்.

பில்கள் போகும் பழைய கணக்கில் கவனிக்க வேண்டியது தேதி. சட்டப்படி வாடகையை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் பணமோ விடுமுறை குறுக்கிட்டால் ஓரிரு நாள் தள்ளி வரும். தானாகப் பிடிக்கும் பில் ஒன்று பணமில்லாமல் திரும்பினால் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள். அதனால் பில் கணக்கில் எப்போதும் ஒரு மாத வாடகை அளவு இருப்பு நிற்க வேண்டும்; அந்த 551ஐ முதலில் இதற்காகத்தான் சேர்க்க வேண்டும். எதைத் தள்ளிப்போட்டாலும் காப்பீட்டுத் தவணையைத் தள்ளாதீர்கள். பாக்கி நின்றால் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். ஒளிபரப்புக் கட்டணத்தையும் வீட்டில் யார் கட்டுகிறார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய பதிவு எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, கட்டணம் வசூலிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். யாருமே கட்டாமல் இருந்தால், குடியேறிய மாதத்திலிருந்து கணக்குப் போட்டு மொத்தமாகக் கேட்பார்கள்.

வேலையில் தாராளமாகச் சேருங்கள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 10 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 602. மினி ஜாப் எனப்படும் சிறு வேலைக்கான மாதச் சம்பள வரம்பு 603, அதற்குள் அடங்கிவிடும். சேரும்போது வேலை நேரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை அரை நாள், அதற்கு மேல் போனால் முழு நாள். ஐந்து மணி நேரமாக இரண்டு ஷிப்ட் செய்தால் வாரத்துக்கு இரண்டு முழு நாள் போகும். அதே பத்து மணி நேரத்தை மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒன்றரை நாள்தான். ஆண்டுக்கு 26 நாள் வித்தியாசம். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்ய அந்த நாட்கள் கைகொடுக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சுயதொழில் என்ற பெயரில் பில் போட்டுப் பணம் வாங்கும் வேலை எதிலும் இறங்காதீர்கள். மாணவர் விசாவில் தனி அனுமதி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

சம்பளம் வந்ததும் 78ஐ உயர்த்த வேண்டாம். விசாவை நீட்டிக்கும்போது அடுத்த ஆண்டுக்கு மறுபடி மாதம் 992 கணக்கில், அதாவது 11,904 யூரோ இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். மினி ஜாப் சம்பளம் மட்டும் அதற்குப் போதாது. சேமிப்பையும் சம்பளத்தையும் சேர்த்து எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் நான்கைந்து மாதம் முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அப்பா விஷயம். மாதாமாதம் சிறு தொகை வேண்டாம். ஒவ்வொரு முறையும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். மாற்று விகிதத்திலும் கொஞ்சம் போகும். விசா நீட்டிப்புக்குக் குறைகிற தொகையை அவர் ஒரே தடவையாக அனுப்பினால் போதும். இந்திய நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) கிடையாது. வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேரடியாகப் போனால் அந்த வரம்புக்கு மேலும் இல்லை. அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து வரம்பைத் தாண்டி அனுப்பிப் பிடித்தம் ஆனால், வருமான வரிக் கணக்கில் அதை வரவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நண்பரின் 330 யூரோவை முதல் மாதச் சம்பளத்திலேயே கொடுத்துவிடுங்கள். சம்பளம் பெரும்பாலும் மாத முடிவில்தான் வரும் என்பதால், எந்தத் தேதியில் தருவீர்கள் என்று இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.