‘நல்வரவு’ அழிய மாட்டேன் என்கிறது

வணக்கம் ஐயா,

காசிமேடு பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். போன வருடம்தான் மாற்றலாகி இங்கே வந்தேன். கைக்கணினி ஏற்கெனவே இருக்கிறது. போன கல்வியாண்டு முடிகிற நேரத்தில் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலிருந்தே எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள் என்கிறார் எச்.எம். எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் நாள் என்ன போட்டுக் காட்டுவது? எதையாவது தப்பாக அமுக்கிப் பிள்ளைகள் சிரித்துவிட்டால்? போன ஜூனில் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கலகலவென்று ஓடியது, அப்புறம் பாதிப் பேரைக் காணவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். போர்டு வந்த அன்று யாரோ பெர்மனென்ட் மார்க்கரால் அதன் மேலேயே பெரிதாக ‘நல்வரவு’ என்று எழுதிவிட்டார்கள். எதைப் போட்டாலும் அதற்கு மேல் ‘நல்வரவு’ நிற்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. மார்க்கருக்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் நாள் எதையும் போட்டுக் காட்டாதீர்கள். லீவு முழுக்கப் பிள்ளைகள் வீடியோவாகத்தான் பார்த்துத் தள்ளியிருப்பார்கள். பள்ளிக்கு வந்தும் இன்னொரு வீடியோவா? 2018-லிருந்து வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது. அதெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது, ஜூலையில் காட்டிக்கொள்ளலாம். முதல் வாரத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பிள்ளைகள் யார், எதுவரை படிக்கத் தெரிந்தவர்கள். கருவியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகளும் உங்களைப் போல டீச்சர்தான், திருவொற்றியூர் பக்கம். அவள் ஜூனில் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்வது. குரல் மட்டும், வீடியோ கிடையாது. போனைக் கையில் பிடிக்காமல் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிடுவாள். முகத்துக்கு நேரே நீட்டினால் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக்கூட வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், நான்கு நாளில் வகுப்பு முடிந்துவிடும்.

போன வருடம் ஒரு பையன். பழைய பாடப்புத்தகத்திலிருந்து ஒரு கதையைத் தங்குதடையில்லாமல் வாசித்தான். இவளுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி வீட்டில் மறுபடி போட்டுக் கேட்டபோது ஏதோ இடித்திருக்கிறது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது: அடுத்த பக்கத்தின் முதல் வரியை அவன் சொல்லி முடித்த பிறகுதான் தாள் புரட்டுகிற சத்தம் வருகிறது. பையன் வாசிக்கவே இல்லை, மொத்தமும் மனப்பாடம். அவளே என்னிடம் போட்டுக் காட்டினாள். அந்தச் சரசரப்பைக் கேட்டதும் எனக்கே வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் இரண்டாம் வகுப்பில் நானும் அதே வேலையைச் செய்தவன்.

இதற்கு நேர்மாறாக ஒரு சிறுமி. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்று வாசித்தாள். நேரில் கேட்கும்போது தப்பு என்றுதான் தோன்றும். பதிவைப் பொறுமையாகக் கேட்டால், ஒரு எழுத்தைக்கூட அவள் விடவில்லை. வீட்டுப் பேச்சில் ழகரம் கிடையாது, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது உச்சரிப்புப் பயிற்சி. அந்தப் பையனுக்கோ அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். செயலியில் ஒரு பிள்ளை ‘அரும்பு’ என்று பதிவாகிவிடும். ஏன் அரும்பு என்பது உங்கள் காதில்தான் இருக்கிறது. அந்தக் காதுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுப்பதுதான் இந்தப் பதிவு. அதே பத்தியை டிசம்பரில் மறுபடி வாசிக்க வைத்து இரண்டையும் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். தனியாக, வகுப்பு முன்னால் வேண்டாம். கோப்பில் பெயர் போடாமல் வரிசை எண் மட்டும் போடுங்கள். குரூப்பில் பகிரவே கூடாது. வருடக் கடைசியில் அழித்துவிடுங்கள்.

சரி, பெரிய போர்டு சும்மா நிற்கட்டுமா? வேண்டாம். வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, உங்கள் பள்ளிக்கூரையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கிருந்து மெல்ல நகர்த்தினால் மீன்பிடித் துறைமுகம், வரிசையாக நிற்கிற படகுகள், அந்தப் பக்கம் பெரிய துறைமுகத்தின் கன்டெய்னர்கள், என்-4 பீச், கொருக்குப்பேட்டை ரயில் பாதைகள் எல்லாம் வரும். வகுப்பில் சத்தம் கூரையைப் பிய்க்கும். பிய்க்கட்டும். ‘துறைமுகத்துக்கு எப்படிப் போவது, வழி சொல்லு’ என்றால் வாயைத் திறக்காத பிள்ளையும் எழுந்து வரும். திசைகளை அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கடலோரப் பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘உன் வீடு எங்கே, காட்டு’ என்று மட்டும் கேட்காதீர்கள். வடசென்னையில் குடிசைகளை எடுத்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் நிறைய. வரைபடத்தில் இருப்பது பழைய படமாக இருந்தால், இடித்த வீடு அங்கே அப்படியே நிற்கும். அதைப் பத்து வயதுப் பிள்ளை எல்லார் முன்னாலும் பார்க்க வேண்டியதில்லை. டீக்கடை, கோயில், சர்ச், தர்கா, கிரவுண்டு என்று கேளுங்கள்.

இப்போது வாட்ஸ்அப். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்கள் பகுதியில் காலண்டரே வேறு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்கும்போது விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டே உங்கள் மெசேஜுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். தடை முடிந்ததும் படகு கிளம்பும், வீட்டில் இருக்கிற ஒரே போனும் அவரோடு கிளம்பும். ஆழ்கடலில் சிக்னல் ஏது? நாள்கணக்கில் கழித்துக் கரைக்கு வந்து, ஐஸ் பெட்டிக்கும் ஏலத்துக்கும் நடுவில் நூற்றி இருபது மெசேஜ் பார்ப்பவர் உங்களுடையதை எங்கே தேடுவார்?

அதனால் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: போன் யார் கையில், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், அம்மாவை எந்த நம்பரில் பிடிக்கலாம், பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று. எழுதி அனுப்பாமல் முப்பது விநாடியில் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அது போய்ச் சேரும், மகளிடம் கொடுத்து ‘டீச்சர் என்னமா எழுதியிருக்காங்க’ என்று கேட்கிற சங்கடமும் இல்லை. காசில்லாத அந்த இரண்டு மாதத்தில் எத்தனை வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள், முக்கியமானதைத் தாளில் எழுதிப் பையில் வைத்து அனுப்புங்கள்.

பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயத்துக்குப் பெரிதாக மருந்து இல்லை. சிரிப்பார்கள். வாரம் இரண்டு பேரைப் போர்டுக்குப் பொறுப்பாக்குங்கள், சிரித்தவனையே முதலில் போடுங்கள். தள்ளத் தெரியும், பெரிதாக்கத் தெரியும், தேடு என்றால் அவனும் விழிப்பான்.

பள்ளி திறக்க இரண்டு நாள் முன்னால் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப்பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு யூஎஸ்பி துளையெல்லாம் பச்சை பிடித்துப்போகும். நெட் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

மார்க்கருக்கு வருவோம். போர்டை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி மேலேதான் எழுதியிருக்கிறார்கள் என்றால் நல்ல செய்தி. வெள்ளைப் பலகைக்கு எழுதுகிற சாதா மார்க்கரால் அந்த எழுத்துகளின் மேலேயே தடிமனாக எழுதுங்கள், காய்வதற்குள் மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். புது மையில் இருக்கிற கரைப்பான் பழைய மையையும் இளக்கிக் கொண்டுவந்துவிடும். முதலில் ‘ந’வின் ஓரத்தில் கொஞ்சமாகச் செய்து பாருங்கள். ஒரே தடவையில் போகாது, ‘வு’க்கு வருவதற்குள் கை வலிக்கும். பெட்ரோல், தின்னர், தண்ணீர் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

துடைத்து முடித்ததும் அந்த பெர்மனென்ட் மார்க்கரைத் தேடி எடுத்து உங்கள் பீரோவில் பூட்டி வையுங்கள்.